குளிர்நாட்டுப் பீட் சதுப்பில் ரோடும் வீடும்: சேலத்துக் கிராவலில் பழகிய கைக்கு ஒரு முழு வழிகாட்டி

என் அக்கா மகன் சிவில் முடித்துவிட்டு நான்கு வருடம் சேலத்தைச் சுற்றியே வேலை பார்த்தவன். கன்னங்குறிச்சி, கொண்டலாம்பட்டி, அயோத்தியாபட்டணம் என்று எங்கே வானம் தோண்டினாலும் நாலடியில் கிராவல், இன்னும் கொஞ்சம் இறங்கினால் சுக்காம்பாறை. மேஸ்திரி கடப்பாரையை ஓங்கி ஒரு குத்து குத்தி, சத்தத்தைக் கேட்டுவிட்டு, "போதுங்க சார்" என்பார். அஸ்திவாரக் கவலை அத்தோடு முடிந்தது. இப்போது அவனுக்குக் கனடாவின் வடக்கு ஒன்டாரியோவில் ஒரு சாலை வேலை கிடைத்திருக்கிறது. மண் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்த அன்று ராத்திரியே போன் செய்தான்.

"மாமா, ஈரப்பதம் 900 சதவீதம்னு போட்டிருக்காங்க. டைப் அடிச்சதுல தப்பா?"

"தப்பெல்லாம் இல்ல மாப்ள. ஞாயித்துக்கிழமை ஏற்காட்டுக்கு வா, வாளியில காட்டறேன்."

நான் ஏழு வருடம் ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் காற்றாலைகளுக்குப் போகும் மலைச்சாலைகளில் வேலை செய்தவன். போன புதிதில் எனக்கும் இதே திகைப்புதான். அன்று திண்ணையில் அவனுக்குச் சொன்னதை ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இன்று குளிர்நாட்டு சைட்டுகளில் நிற்கிறார்கள். அவர்கள் முதலில் மறக்க வேண்டியது ஒன்று உண்டு. நம் ஊர்க் கை கெட்டி மண் வரும்வரை தோண்டத்தான் துடிக்கும். பீட்டில், அதாவது செத்த செடிகள் முழுதாக மக்காமல் சேர்ந்த சதுப்பு மண்ணில், பெரும்பாலான தொல்லைகள் அந்தத் துடிப்பிலிருந்துதான் தொடங்குகின்றன.

வாளிப் பாடம்

ஏற்காட்டு நர்சரிகளில் செங்கல் மாதிரி அழுத்திய தென்னை நார்க்கழிவுக் கட்டி விற்கிறார்கள். கோகோபீட் என்று கேட்டால் தருவார்கள். பெயரில் பீட் ஒட்டிக்கொண்டிருப்பது சும்மா இல்லை. சதுப்பில் வெட்டியெடுத்த பீட்டைத்தான் வெளிநாட்டுத் தோட்டக்காரர்கள் தொட்டியில் போடுவார்கள். அதற்கு மாற்றாக வந்த சரக்கு இது. ஒரு கட்டியை வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் பல மடங்கு உப்பும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் ஒழுகும், நார் கையில் நிற்கும். சேகோ ஃபேக்டரிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இன்னும் எளிது: குச்சிக்கிழங்கை அரைத்துப் பால் எடுத்தபின் மிஞ்சுகிற ஈரத் திப்பியை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது 900 சதவீதத்துக்கு வருவோம். மண் பரிசோதனையில் ஈரப்பதம் என்பது உலர்ந்த மண்ணின் எடையோடு நீரின் எடையை ஒப்பிட்டுச் சொல்வது. 100 கிராம் காய்ந்த நாருக்கு 900 கிராம் தண்ணீர் இருந்தால் 900 சதவீதம். நம் ஊர்க் களிமண்ணில் இருபது, முப்பது பார்த்திருப்போம். பீட்டில் 500 முதல் 1,000 வரை சாதாரணம், 1,500-ஐத் தாண்டுவதும் உண்டு. ஒரு கனமீட்டர் பீட்டின் எடை ஏறக்குறைய ஒரு டன், அதாவது தண்ணீரின் எடையேதான். நாம் கட்டப்போவது நார் போட்டுக் கட்டிய ஒரு குளத்தின் மேல்.

அன்று வாளியில் ஊறிய நாரின் மேல் ஒரு பலகைத் துண்டு, அதன் மேல் அரைச் செங்கல் வைத்தோம். வாளி விளிம்பிலிருந்து பலகை எவ்வளவு கீழே என்று ஸ்கேல் வைத்து அளந்து, சுவரில் கரிக்கோடு போட்டுத் தேதி எழுதச் சொன்னேன். அந்த வாளி இன்னும் திண்ணையில்தான் இருக்கிறது.

இது எப்படி உருவானது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். குளிர்ந்த, எப்போதும் நீர் நிற்கும் இடத்தில் செடி செத்தால் முழுதாக மக்குவதில்லை. காற்று புகாது, குளிரில் நுண்ணுயிரும் சோம்பிக் கிடக்கும். ஸ்பாக்னம் என்ற பாசி தன் சுற்றுப்புறத்தைப் புளிப்பாக்கி மக்குவதை இன்னும் தாமதப்படுத்தும். வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் சேர்ந்தால் அதுவே நல்ல வேகம். ஐந்து மீட்டர் பீட் என்றால் ஐயாயிரம் வருடச் சேமிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். கனடாவில் இதை மஸ்கெக் என்பார்கள். க்ரீ பழங்குடி மொழியிலிருந்து வந்த சொல். அந்த நாட்டின் நிலப்பரப்பில் சுமார் எட்டில் ஒரு பங்கு இப்படிப்பட்ட நிலம்தான். நம் மாநிலத்திலும் பீட் உண்டு, நீலகிரி உச்சியில், சோலைக்கும் புல்வெளிக்கும் நடுவே உள்ள ஈரத்தாழ்வுகளில். சேர்வராயனில் நாம் வீடு கட்டும்போது எதிர்ப்படுவது செம்மண்ணும் சார்னோகைட் பாறையும்தான். அதனால்தான் நமக்கு இந்த அனுபவம் கிடையாது.

படி 1: ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள்

லேபுக்கு அனுப்புவதற்கு முன் கையால் செய்யும் சோதனை ஒன்று இருக்கிறது. ஸ்வீடன் நாட்டு நிலவியலாளர் லென்னார்ட் ஃபான் போஸ்ட் 1920-களில் வகுத்த பத்துப் படி அளவுகோல் அது. ஒரு பிடி பீட்டைக் கைக்குள் வைத்து இறுக்கிப் பிழிய வேண்டும். விரலிடுக்கில் தெளிந்த தண்ணீர் மட்டும் வந்தால் ஹெச் 1: செடி இன்னும் செடியாகவே இருக்கிறது. பழுப்புக் கலங்கல் வந்தால் நடுப்பகுதி. கையிலிருப்பது மொத்தமும் களி மாதிரி விரலிடுக்கு வழியே வழிந்து போனால் ஹெச் 10.

இது ஏன் முக்கியம்? நார் இருக்கும்வரை பீட் பாய் மாதிரி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இழுவையைத் தாங்கும். மக்கி, நார் போய்விட்டால் கொழகொழவென்று கூழ்தான். மேல் அரை மீட்டர் ஹெச் 2, ஹெச் 3 ஆகவும் அடியில் ஹெச் 8 ஆகவும் இருப்பது வழக்கம். அதாவது சதுப்பின் வலிமை மேல்தோலில் இருக்கிறது. நம் ஊரில் மேல்மண்ணைச் சுரண்டி ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் வேலையே தொடங்கும். இங்கே அந்தத் தோலை உரித்தால் இருக்கிற ஒரே தாங்கலும் போயிற்று.

லேபில் ஈரப்பதம், எரித்தபின் மிஞ்சும் சாம்பல், அமுக்கச் சோதனை ஆகியவை செய்யச் சொல்லுங்கள். நான்கு இறக்கை வைத்த வேன் கருவியை மண்ணுக்குள் திருகி வலிமை அளப்பார்கள். அந்த எண்ணை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். நார் இறக்கையில் சுற்றிக்கொண்டு, இல்லாத வலிமையை இருப்பதாகக் காட்டும்.

படி 2: ஆழத்தைக் குத்திப் பாருங்கள்

கருவி ரொம்ப எளியது. ஒன்றோடொன்று திருகிச் சேர்க்கிற ஒரு மீட்டர் இரும்புக் கம்பிகள். பீட்டுக்குள் கையாலேயே தள்ளலாம். அடியில் களிமண் என்றால் கம்பி மெதுவாகப் பிடிக்கும். மணல், சரளை என்றால் நறநறவென்று கைக்குத் தெரியும். பாறை என்றால் 'டக்'. முதலில் 100 மீட்டர் கட்டம் போட்டு நிலம் முழுதும் குத்த வேண்டும். சாலை எங்கே போகும் என்று தெரிந்தபின் அந்தத் தடத்தில் நெருக்கமாக, நடுக்கோட்டிலும் இரு பக்கமும்.

ஆழத்தைவிட அடித்தளத்தின் சரிவு முக்கியம். மேலே கேரம் போர்டு மாதிரி சமமாகத் தெரியும் சதுப்புக்கு அடியில் தரை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கலாம். இடப்பக்கம் 2 மீட்டர், வலப்பக்கம் 5 மீட்டர் என்றால் சாலையும் அப்படித்தான் ஒருச்சாய்ந்து உட்காரும். தனியாகப் போகாதீர்கள். பச்சைப் பசேலென்று மிருதுவாக மின்னும் திட்டுதான் ஆளை விழுங்கும். கருத்து வாடிய மாதிரி தெரிவதில் காலை வைக்கலாம்.

படி 3: வழியைத் தேர்ந்தெடுப்பது

முதல் வழி, சுற்றிப் போவது. சிரிக்காதீர்கள், இரண்டு கிலோமீட்டர் வளைந்து போனாலும் அதுதான் பல நேரம் மலிவு. வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதை முதல் கூட்டத்திலேயே கேட்கிற தைரியம் இளம் பொறியாளருக்கு வேண்டும்.

இரண்டாவது, தோண்டி எடுத்துவிட்டுப் பாறைத்துண்டு நிரப்புவது. மூன்று, நான்கு மீட்டர் ஆழம்வரை இது நியாயம். அதற்கு மேல் போனால் குழியின் பக்கங்கள் உள்ளே வழியும். தோண்டிய சரக்கை எங்கே கொட்டுவது என்பது தனித் தலைவலி. பாலத்தின் முட்டு, காற்றாலைக் கோபுரத்தின் அடி, கிரேன் நிற்கும் மேடை போன்ற அசையவே கூடாத இடங்களுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பீட்டைத் தோண்டாமல் அதன் மேலேயே சாலையை மிதக்க விடுவது. நான்காவது, பைல் எனும் நீளத் தூண்களை இறக்கி அடியில் உள்ள கெட்டி மண்ணில் நிறுத்துவது. ஃபின்லாந்திலும் ஸ்வீடனிலும் ஐந்தாவதாக ஒன்று செய்கிறார்கள்: பீட்டுக்குள்ளேயே சிமென்ட் போன்ற கலவையை மெஷினால் கலந்து, அந்த இடத்திலேயே கெட்டியாக்குவது. பீட்டின் புளிப்பும் அதிலுள்ள கரிமப்பொருளும் சிமென்ட் பிடிப்பதைக் கெடுக்கும் என்பதால், ஒரு கனமீட்டருக்கு நூற்றுக்கணக்கான கிலோ தேவைப்படும். பணம் இருக்கிறவர்கள் வேலை.

படி 4: மிதக்கும் சாலை

என் ஏழு வருடமும் இதில்தான் போயிற்று, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

அயர்லாந்தின் லாங்ஃபோர்டு பகுதியில் கோர்லியா என்ற சதுப்பில், கிமு 148-இல் போட்ட ஓக் பலகைச் சாலை ஒன்றைக் கண்டெடுத்திருக்கிறார்கள். மர வளையங்களை எண்ணி அந்த வருடத்தைச் சொன்னார்கள். வண்டி போகும் அகலத்துக்கு ஜோராகப் போட்டிருக்கிறார்கள். ஆனால் பத்து வருடம்கூடத் தாங்கவில்லை. தன் கனத்திலேயே அமுங்கிப் போனது. இரண்டாயிரம் வருடம் கழித்து, 1830-இல் திறந்த லிவர்பூல் - மான்செஸ்டர் ரயில் பாதைக்கு இங்கிலாந்தின் சாட் மாஸ் என்ற சதுப்பைத் தாண்ட வேண்டியிருந்தது. கொட்டின மண்ணெல்லாம் வாரக்கணக்கில் காணாமல் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் ஜார்ஜ் ஸ்டீஃபன்சன் குச்சித் தட்டிகளையும் புதர்க்கட்டுகளையும் பரப்பி, அவற்றின் மேல் பாதையைப் போட்டார். அந்தத் தடத்தில் இன்றும் ரயில் ஓடுகிறது. இரண்டு கதைக்கும் வித்தியாசம், கனத்தை எவ்வளவு பரப்பினார்கள் என்பதுதான்.

இன்றைய முறை இப்படி. மரங்களைத் தரையோடு அறுத்துவிட வேண்டும். வேரைப் பிடுங்கக் கூடாது. புல், பாசி எதையும் சுரண்டக் கூடாது. பள்ளம் மேட்டைக் கிளைகளாலும் மரத்துண்டுகளாலும் நிரவலாம். அதன் மேல் ஜியோடெக்ஸ்டைல் துணி, அல்லது ஜியோகிரிட் வலை, சாலையைவிட அகலமாக. அதன் மேல் ஜல்லி, முதல் அடுக்கு அரை மீட்டருக்குள். லாரி சதுப்பில் இறங்கவே கூடாது. போட்ட சாலையின் மேலேயே பின்னால் வந்து நுனியில் கொட்ட, அகலச் சங்கிலி போட்ட சின்ன எக்ஸ்கவேட்டர் முன்னால் தள்ளிப் பரப்ப வேண்டும். ஒரே இடத்தில் நாலு லோடு குவித்தால் துணிக்கு அடியில் பீட் பிதுங்கி, பக்கத்தில் அலையாக எழும்பும். அதைப் பார்த்தால் அந்த இடத்தில் வேலையை நிறுத்திவிடுங்கள்.

எவ்வளவு உயரம் போடலாம்? தோராயக் கணக்கு ஒன்று கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். பீட்டின் வெட்டு வலிமை 8 கிலோபாஸ்கல் என்று வைப்போம், அதாவது சதுர மீட்டருக்கு சுமார் 0.8 டன். மென்மண் மேல் பரப்பிய சுமை அந்த வலிமையைப் போல ஐந்து மடங்கை எட்டும்போது மண் பிதுங்கும்: 4 டன். பாதுகாப்புக்கு ஒன்றரையால் வகுத்தால் சுமார் 2.7 டன். ஜல்லி கனமீட்டருக்கு 2 டன். ஆக 1.3 மீட்டர் உயரத்துக்கு மேல் ஒரே மூச்சில் ஏற்ற முடியாது, அதுவும் லாரியின் எடையைச் சேர்க்காமல். நம் ஊர் சுக்காம்பாறையில் சதுர மீட்டருக்கு 20 டன் என்று கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவர்களுக்கு இந்த எண் சிரிப்பாக இருக்கும்.

ஆனால் பீட்டில் வலிமையைவிட இறக்கம்தான் பெரிய கதை. 4 மீட்டர் பீட்டின் மேல் ஒரு மீட்டர் ஜல்லி போட்டால் ஒரு மீட்டர் அளவுக்கு இறங்குவது அதிசயமில்லை. வாளியில் பார்த்தது போலவே, முதலில் வேகமாக: தண்ணீர் பிழிந்து வெளியேறும், சில வாரங்களில் பெரும்பகுதி முடிந்துவிடும். முடிந்தது என்று நினைத்தால் முடியாது. நார் மெல்ல மெல்ல மடிந்து நசுங்கும் இரண்டாம் கட்டம் ஆரம்பிக்கும். அதன் கணக்கு விசித்திரமானது: முதல் மாதத்திலிருந்து பத்தாம் மாதம் வரை எவ்வளவு இறங்குகிறதோ, பத்தாவதிலிருந்து நூறாவது மாதம் வரை அதே அளவு இறங்கும். நூறு மாதம் என்றால் எட்டு வருடத்துக்கு மேல். எந்தச் சாதாரண மண்ணையும்விட பீட்டில் இந்த இரண்டாம் கட்டம் அதிகம். 4 மீட்டர் பீட்டுக்கு, காலம் பத்து மடங்காகும் ஒவ்வொரு முறையும் சுமார் 10 சென்டிமீட்டர் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம்.

இறங்கின இடத்தை மேவ மேலும் ஜல்லி கொட்டினால் கனம் கூடி மேலும் இறங்கும். இந்தத் துரத்தலை உடைக்கத் தந்திரம் இரண்டு. ஒன்று முன்சுமை: கடைசியில் வரப்போகும் எடையைவிட அதிகமாக, கட்டம் கட்டமாக ஏற்றி, சில மாதம் விட்டுப் பிறகு மேல்சுமையை எடுத்துவிடுவது. எட்டு வருடத்து இறக்கத்தை எட்டு மாதத்தில் வாங்கிக்கொள்வது மாதிரி. ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே பீட் தண்ணீரை விட்டு கொஞ்சம் கெட்டியாகும், அடுத்த கட்டத்தைத் தாங்கும். அவசரப்பட்டால் பிதுங்கும்.

இன்னொன்று, கனமே இல்லாத நிரப்பு. 1972-இல் நார்வேயில் ஆஸ்லோவுக்கு அருகே ஃப்ளோம் என்ற இடத்தில், பாலத்தை ஒட்டிய சாலை வருடத்துக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் வரை இறங்கிக்கொண்டிருந்தது. அடியில் 3 மீட்டர் பீட், அதற்கும் கீழே மென்களி. அவர்கள் சாலை நிரப்பில் ஒரு மீட்டரைத் தோண்டியெடுத்துவிட்டு அந்த இடத்தில் தெர்மோகோல் கட்டிகளை அடுக்கினார்கள். ஆமாம், நாம் டிவி பெட்டியில் பார்க்கிற அதே சரக்கு, பெரிய கட்டியாக. கனமீட்டருக்கு 20 கிலோதான், ஜல்லியில் நூறில் ஒரு பங்கு. இறக்கம் அடங்கியது. இரண்டு எச்சரிக்கை: பெட்ரோல் பட்டால் தெர்மோகோல் கரைந்துவிடும், அதனால் மேலே கான்கிரீட் பலகை போட்டு மூட வேண்டும். வெள்ளம் ஏறினால் மிதந்து கிளம்பும், அதனால் மேல் கனத்தைக் கணக்குப் போட்டே வைக்க வேண்டும்.

பாறையிலிருந்து சதுப்புக்குச் சாலை இறங்கும் இடத்தில் வண்டி தூக்கிப் போடும், நம் ஊரில் பாலம் தொடங்கும் இடத்தில் போடுகிற அதே குலுக்கல். தோண்டிய பகுதியைச் சட்டென்று நிறுத்தாமல், ஆழத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்து மிதக்கும் பகுதியோடு சேருங்கள்.

படி 5: தண்ணீரைத் தொடாதீர்கள்

'இவ்வளவு தண்ணீர் இருக்கிறதே, கால்வாய் வெட்டி வடித்துவிட்டால் என்ன?' மருமகன் கேட்டான். எல்லோரும் கேட்பார்கள்.

இங்கிலாந்தில் ஹோம் ஃபென் என்ற இடத்தில், பக்கத்து ஏரியை வடித்த காலத்தில், 1851 வாக்கில் ஓர் இரும்புத் தூணைத் தரைமட்டத்துக்குப் பீட்டுக்குள் இறக்கினார்கள். இன்று அந்தத் தூணின் தலை தரைக்கு மேல் சுமார் 4 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. தூண் அசையவில்லை; தரைதான் கீழே போய்விட்டது. தண்ணீர் போனால் பீட் சுருங்கும். பிறகு காற்றுப் பட்டு மக்கி, கரியமில வாயுவாகப் பறந்துவிடும். ஒருமுறை நன்றாகக் காய்ந்த பீட் மறுபடி பழையபடி நீரை உறிஞ்சாது. காய்ந்தால் கனமும் குறையும்: 2003 ஆகஸ்டில் நெதர்லாந்தின் வில்னிஸ் ஊரில், மழையில்லாத கோடையில் காய்ந்துபோன பீட் கரை ஒன்று, கால்வாய்த் தண்ணீரின் தள்ளலைத் தாங்காமல் நகர்ந்து உடைந்தது. வெள்ளத்தில் கரை உடைவதுதான் நமக்குத் தெரியும்.

அதனால் சாலைக்கு இருபுறமும் ஆழமான காவா வெட்டும் வழக்கத்தை விடுங்கள். ஆனால் சாலை அணை மாதிரி குறுக்கே உட்கார்ந்து ஒரு பக்கம் தேக்கி, மறுபக்கம் காயப் போடவும் கூடாது. அடிக்கடி குழாய்கள் போட்டு நீர் வந்த வழியே போக விடுங்கள். அந்தக் குழாயும் சாலையோடு சேர்ந்து இறங்கும். இறங்கியபின் சரியான மட்டத்துக்கு வரும்படி உயர்த்திப் போட வேண்டும்.

படி 6: சரிவில் சதுப்பு

மலையில் போர்வை மாதிரி படர்ந்த பீட் உண்டு. ஏற்காட்டு மலைப்பாதையில் மழைக்காலத்தில் மண் சரிவதைப் பார்த்தவர்கள், செங்குத்தாக இருந்தால்தான் சரியும் என்று நினைப்போம். பீட்டுக்கு ஐந்து டிகிரி போதும். 2003 அக்டோபரில் அயர்லாந்தின் டெர்ரிபிரையனில் காற்றாலை வேலை நடக்கும்போது சுமார் 4,50,000 கனமீட்டர் பீட் நகர்ந்து ஓடைகளில் இறங்கியது. சுற்றுச்சூழல் மதிப்பீடு சரியாகச் செய்யாததற்காக 2019-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அயர்லாந்து அரசுக்கு 50 லட்சம் யூரோ அபராதம் போட்டது, அதற்கு மேல் நாளொன்றுக்கு 15,000 யூரோ.

சரிவில் இருக்கிற ஆபத்தெல்லாம் பெரும்பாலும் நாமே குவிப்பதுதான். நான் இருந்த ஒரு சைட்டில், தோண்டிய பீட்டைச் சாலையின் கீழ்ப்பக்கத்தில் ஆள் உயரத்துக்குக் கொட்டி வைத்தார்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு நாள்தானே, எடுத்துவிடுவார்கள் என்று சும்மா இருந்தேன். மூன்றாம் நாள் மழைக்குப் பிறகு மேட்டுக்கு மேல்புறம் விரல் நுழையும் அளவு வெடிப்பு. மாலைக்குள் மேடு, வேலி, ஒரு டீசல் டேங்க் எல்லாம் முப்பது மீட்டர் கீழே. யாருக்கும் அடிபடவில்லை. அன்றிலிருந்து சரிவில் பீட்டை ஒரு அடிக்கு மேல் குவிக்கவிட்டதில்லை. வெடிப்பு, திடீர் ஊற்று, வேலிக்கால் சாய்வது, இந்த மூன்றையும் தினமும் காலையில் நடந்து பாருங்கள்.

படி 7: வீடு, கட்டடம்

சாலை இறங்கினால் ஜல்லி போடலாம், வீட்டுக்கு அது நடக்காது. பைல்தான். பைல் போடுவதில் நமக்குப் புதிதாகத் தெரிய வேண்டியவை சில. பீட் பக்கவாட்டில் பைலைப் பிடித்துக்கொள்ளாது. தண்ணீரில் நிற்கும் கழி மாதிரியே கணக்குப் போடுங்கள். சுற்றி மண் நிரப்பினால் பீட்டும் அதன் கீழுள்ள களியும் இறங்கும்போது பைலையும் சேர்த்துக் கீழே இழுக்கும்; அந்த இழுவையைச் சுமையோடு சேர்க்க வேண்டும். சதுப்பு நீரின் பிஹெச் 4-க்குப் பக்கத்தில் இருக்கும், ஏறக்குறைய தக்காளிச் சாற்றின் புளிப்பு. கான்கிரீட்டை அடர்த்தியாகப் போட்டு, கம்பிக்கு மேல் மூடலைக் கூட்டுங்கள். மரப் பைல் எப்போதும் நீருக்கடியில் இருந்தால் நூற்றாண்டு நிற்கும். நீர்மட்டம் இறங்கித் தலை வெளியே வந்தால் மக்கும்.

வீடு நிற்கும், சுற்றியுள்ள தரை இறங்கும். வாசல்படி தொங்கும், தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் சுவரோரம் முறியும். வளையும் இணைப்பு, கீல் வைத்த வாசல்படி என்று முதலிலேயே திட்டமிட வேண்டும். தரைக்கும் வீட்டுக்கும் நடுவே விழும் சந்தில் சதுப்பு வாயு தேங்கும். மீத்தேன் அது, காற்றோட்டம் கட்டாயம்.

படி 8: குளிரை வேலைக்காரனாக்குவது

ஏற்காட்டு மார்கழிக்கு ஸ்வெட்டர் போடுகிற நமக்கு மைனஸ் 30 பயமாக இருக்கும். ஆனால் மஸ்கெக்கில் வேலை செய்கிறவனுக்கு அதுதான் சீசன். கோடையில் ஆள் நடக்கத் தயங்கும் சதுப்பு உறைந்தபின் லாரியைத் தாங்கும். வடக்குக் கனடாவில் பல பழங்குடி ஊர்களுக்குக் குளிர்காலச் சாலை மட்டும்தான்.

உறைவது தானாக நடந்துவிடாது. பனி கம்பளி மாதிரி; அது மூடியிருந்தால் கீழே சதுப்பு உறையாமல் வெதுவெதுப்பாகவே இருக்கும். முதல் பனி விழுந்ததும் எடை குறைந்த வண்டிகளை ஓட்டி அதை அமுக்குவார்கள், அல்லது ஒதுக்குவார்கள். குளிர் உள்ளே இறங்க இறங்கக் கனமான வண்டி. துளை போட்டு உறைந்த ஆழத்தை அளந்தபின்தான் லாரி.

குளிரில் செய்யக் கூடாதது: பனிக்கட்டியும் உறைந்த மண்ணாங்கட்டியும் கலந்த நிரப்பைக் கொட்டுவது. வசந்தத்தில் அது உருகி, சாலைக்குள் பொந்து விழும். இன்னொன்று, உறைந்த பீட்டின் மேல் நிரப்பு போட்டால் அந்த உறைவு உள்ளே மூடப்பட்டு ஒரு கோடை தாண்டியும் கிடக்கலாம்; இறங்கவில்லையே என்று சந்தோஷப்பட்டுத் தார் போட்டால் அடுத்த வருடம் திட்டுத் திட்டாக இறங்கும். வருடத்திலேயே மோசமான நேரம் உருகும் பருவம்: மேலே ஓர் அடி கூழ், கீழே உறைந்த பலகை, நடுவில் தண்ணீருக்குப் போக்கிடமில்லை.

படி 9: உறைபனி நிலத்தின் மேல் பீட்

இன்னும் வடக்கே போனால் பீட்டுக்கு அடியில் வருடம் முழுக்க உருகாத உறைநிலம் இருக்கும். அதைக் காப்பதே மேலுள்ள பீட்தான். கோடையில் மேல்பாகம் காய்ந்து, காற்று நிறைந்து வெயிலை உள்ளே விடாது. இலையுதிர் மழையில் நனைந்து உறைந்ததும் கதை மாறும். பனிக்கட்டி தண்ணீரைவிட நான்கு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும், அதனால் குளிர்காலக் குளிர் தாராளமாக உள்ளே இறங்கும். வெயிலுக்குச் சாத்திய கதவு, குளிருக்குத் திறந்த கதவு.

1942-இல் போர் அவசரத்தில் அலாஸ்கா நெடுஞ்சாலை போட்டபோது, எல்லா ஊரிலும் செய்வது போல புல்டோசரால் மேல்தோலை உரித்தார்கள். கீழே உறைநிலம் உருகிச் சாலை சேறானது. பிறகு தோலை அப்படியே விட்டு, மரக்கட்டைகளைக் குறுக்கே அடுக்கி, அதன் மேல் போடக் கற்றுக்கொண்டார்கள். கனடாவில் 1929-இல் முடிந்த, சர்ச்சில் ஊருக்குப் போகும் ரயில் பாதையும் மஸ்கெக், உறைநிலம் இரண்டின் மேலும் போகிறது. பராமரிப்பு ஓய்ந்ததே இல்லை.

இங்கே கட்டடத்தைத் தரையைத் தொடாமல் கால் மேல் தூக்கி, அடியில் குளிர்காற்று ஓட விட வேண்டும். 1977-இல் எண்ணெய் ஓடத் தொடங்கிய அலாஸ்கா குறுக்குக் குழாயில், 1,287 கிலோமீட்டரில் பாதிக்கு மேல் தரைக்கு மேல் தாங்கிக் கால்களில்தான் போகிறது. அந்தக் கால்களில் பலவற்றில் அம்மோனியா நிரப்பிய குழாய் உண்டு. குளிர்காலத்தில் அடியிலுள்ள வெப்பத்தில் அம்மோனியா ஆவியாகி மேலே வந்து, தலையிலுள்ள தகடுகளில் குளிர்ந்து, சொட்டாகக் கீழே இறங்கும். மின்சாரம், மோட்டார் எதுவும் கிடையாது. கோடையில் மேலே சூடு, கீழே குளிர் என்பதால் தானே நின்றுவிடும்.

படி 10: அளந்துகொண்டே இருப்பது

நிரப்பு போடும் முன்பே துணியின் மேல் ஒரு இரும்புத் தட்டும் அதிலிருந்து மேலே நீளும் கம்பியும் வையுங்கள்; கம்பித் தலையை மட்டம் எடுத்தால் எவ்வளவு இறங்கியது என்று தெரியும். சாலையின் ஓரக்காலில் மர ஆப்புகளை நேர்கோட்டில் அடியுங்கள். சாலை இறங்கினால் பீட் பிழிகிறது என்று அர்த்தம், அது எதிர்பார்த்ததுதான். ஆப்பு வெளியே நகர்ந்தால் பீட் பிதுங்குகிறது. இறக்கத்தோடு ஒப்பிட்டால் ஆப்பின் நகர்வு வேகமாகக் கூடுகிறது என்றால் லாரியை நிறுத்தச் சொல்லுங்கள், மேலதிகாரி கத்தினாலும். மட்டம் எடுக்க ஆதாரப் புள்ளியைச் சதுப்புக்கு வெளியே பாறையில் வையுங்கள். சதுப்பிலேயே வைத்துவிட்டு 'இறக்கமே இல்லை' என்று அறிக்கை எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் மாதம் தினமும், அப்புறம் வாரம் ஒருமுறை, அப்புறம் மாதம் ஒருமுறை.

மருமகன் போய் ஆறு வாரம் ஆகிறது. திண்ணைச் சுவரில் கரிக்கோடுகள் இப்படி: முதல் மணி நேரத்தில் 22 மில்லிமீட்டர், மறுநாள் 31, ஒரு வாரத்தில் 35, நேற்று 38. போட்டோ எடுத்து அனுப்பினேன். "செங்கலை எடுத்துறாதீங்க மாமா, நான் வந்து பாக்கறேன்" என்று பதில் வந்தது.